கை வைத்து மறைத்த ஐம்பது விநாடி

கல்லூரி அரங்குகளில் புதிதாக ஆபரேட்டர் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். எந்தக் கேபிளை எதில் செருகுவது, மைக் கத்தினால் என்ன செய்வது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். அதில் நான் மூக்கை நுழைக்கப் போவதில்லை. உங்கள் ரிமோட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் திரை இருண்டுவிடும், ஸ்பீக்கரில் சத்தம் மட்டும் வந்துகொண்டிருக்கும். அந்த ஒரு பொத்தானைப் பற்றித்தான் எழுதுகிறேன். என் அரங்கத்தில் புரொஜெக்டர் மேசைமேல் இருந்ததால், அந்தப் பொத்தானின் வேலையை என் வலது கை செய்துவந்தது.

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் ரிடையர் ஆகும்வரை ஆபரேட்டராக இருந்தேன். வீடு கடலூர் பழைய டவுனில். காலையில் ரயிலில் போய் மாலையில் ரயிலிலேயே திரும்புவேன். கடைசி ஆறு வருஷம் வீட்டில் பேச ஆள் இல்லை. மனைவி போய்விட்டாள், மகள் திருமணமாகி வெளிமாநிலத்தில் இருக்கிறாள். கல்லூரியிலும் பெரிதாகப் பேச்சு கிடையாது. ஆபரேட்டர் எல்லோருக்கும் பின்னால் நிற்கிறவன். எனக்குப் பிள்ளைகளைப் பின்னந்தலையை வைத்துத்தான் அடையாளம் தெரியும். பஸ் ஸ்டாண்டில் யாராவது எதிரே வந்து "இன்னா மாமா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பேன். அவன் திரும்பி நடந்தால்தான், அட, மூன்றாவது வரிசை ஓரத்துப் பையன் என்று தெரியும். பிள்ளைகள் எல்லோரும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் பக்கத்தில் ஆளைப் பிடித்துவிட்டால் அப்படித்தான்.

அங்கே சனிக்கிழமை மதியம் திரைப்பட மன்றம் நடக்கும். நடத்தியவர் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் மேடம். வெளிநாட்டுக் குறும்படங்களைப் புதுச்சேரியில் இருக்கும் தோழியிடம் வாங்கிவந்து, வசனத்தைத் தமிழில் தானே டைப் அடித்துத் திரையின் அடியில் ஓடவிடுவார். படம் முடிந்ததும் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு சீட்டில் தோன்றியதை எழுதி பிஸ்கட் டின்னில் போடவேண்டும். பெயர் எழுதக் கூடாது. அதை மைக்கில் படிப்பது நான். ஏன் நான் என்றால், மாணவர்கள் படித்தால் கையெழுத்தைக் கண்டுபிடித்துக் கிண்டல் செய்வார்கள், மேடம் படித்தால் பரீட்சை மாதிரி ஆகிவிடும். ஆபரேட்டருக்கு எந்தக் கையெழுத்தும் தெரியாது, அவனுக்கென்று ஒரு அபிப்பிராயமும் கிடையாது. இது மன்றத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். நானும் ஒப்புக்கொண்டிருந்தேன்.

கையைப் பற்றிச் சொல்கிறேன். நான் வேலை பழகியது பண்ருட்டியில், கல்யாண வீடுகளுக்கு டிவியும் வீடியோ டெக்கும் எடுத்துப் போய்ப் படம் போடும் ஒருவரிடம். "படத்தை எவன் வேணா ஓட்டுவான்டா. எங்க மறைக்கணும்னு தெரிஞ்சவன்தான் ஆபரேட்டர்" என்பார். சபையில் பெரியவர்கள் இருக்கிறார்கள், படத்தில் கட்டிலறைக் காட்சி வருகிறது என்றால் டக்கென்று டிவிக்கு முன்னால் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்கள். அந்த வித்தை என்னோடு சிதம்பரத்துக்கும் வந்தது. முத்தம், ரத்தம் இரண்டுக்கும் லென்ஸ் முன்னால் என் உள்ளங்கை போய்விடும். பிள்ளைகள் "கைய எடு மாமா!" என்று கத்துவார்கள், விசில் அடிப்பார்கள். அதுவும் எங்களுக்குள் ஒரு விளையாட்டாகத்தான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை மேடம் கொண்டுவந்தது பதினான்கு நிமிஷப் பிரெஞ்சுப் படம். எப்போதும் பென்டிரைவை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுபவர், அன்றைக்கு நின்றார்.

"அண்ணே, இது கொஞ்சம் கடுமையான படம். முன்னாடியே சொல்லிடுவேன், வேணாங்கறவங்க எழுந்து போயிடலாம். நீங்க ஒருவாட்டி முழுசா பாத்துடுங்க."

"பாத்துடறேன் மேடம்" என்றேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தனியாக ஓட்டிப் பார்த்தேன். ஒரு வீடு. சாப்பாட்டு மேசை. சின்னப் பெண் குழந்தைக்குப் பிறந்தநாள். அம்மா கேக்கில் மெழுகுவத்தி குத்துகிறாள். அப்பா வருகிறான், சூப் ஆறிப்போயிருக்கிறது என்கிறான். குழந்தை ஒன்றும் பேசாமல் நாற்காலியிலிருந்து இறங்கி மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஏதோ தினமும் செய்கிற வேலை மாதிரி. பிறகு அவன் அடிக்க ஆரம்பித்தான். கேமரா நகரவே இல்லை, வேறு பக்கம் காட்டவும் இல்லை. நான் சாப்பாட்டு டப்பாவைக் கழுவுகிற சாக்கில் எழுந்து வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. டைம் மட்டும் பார்த்துக் குறித்துக்கொண்டேன். எட்டாம் நிமிஷத்தில் ஆரம்பித்து ஐம்பது விநாடி. கை வைக்க வேண்டிய இடம்.

நான் ஏன் எழுந்து போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைப்பதைப் பற்றி எழுதிக்கொண்டே இதை மறைத்தால் நன்றாக இருக்காது. கடலூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் போர்ஷனில் ஒரு குடும்பம் நான்கு வருஷம் இருந்தது. ஒரே சுவர்தான். வாரத்தில் இரண்டு மூன்று நாள் அந்தச் சத்தம் வரும். முதலில் கதவைச் சாத்துகிற சத்தம், அப்புறம் மற்றது. என் மனைவி, "எழுந்து போய்க் கதவைத் தட்டுங்களேன், ஒரு தடவ தட்டுனா நிறுத்துவான்ல?" என்பாள். "அது அவுங்க வீட்டு விஷயம்" என்று சொல்லி நான் டிவி சத்தத்தைக் கூட்டுவேன். நான்கு வருஷமும் கூட்டினேன். அந்தப் பெண் ஒரு நாள் காடாம்புலியூரில் இருக்கிற தாய்வீட்டுக்குப் போனாள், அதற்குப் பிறகு திரும்பி வரவில்லை. அவள் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை.

மதியம் இரண்டரைக்கு அரங்கம் நிறைந்தது. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி இறக்கினேன். மேடம் எழுந்து, அடிக்கிற காட்சி வரும், பார்க்க முடியாதவர்கள் இப்போதே போகலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டோம் என்றார். இரண்டு மூன்று பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தெரிந்துதான் உட்கார்ந்தார்கள் என்பதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

எட்டாம் நிமிஷம் வந்தது. கையை வைத்தேன்.

லென்ஸுக்கு வெகு அருகில் கை வைத்தால் விரல் இடுக்கில் வெளிச்சம் சிவப்பாகத் தெரியும். உள்ளங்கை சுடும். முன்னால் அரங்கம் கும்மிருட்டு. தட்டு உடைகிற சத்தம், நாற்காலி விழுகிற சத்தம், பிறகு அடி. எங்கே விழுகிறது, எதனால் அடிக்கிறான் என்று தெரியாமல் சத்தம் மட்டும். ஒரு பையன் வழக்கம்போல "கைய எடு மாமா" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டான். யாரோ சிரித்தார்கள். பயந்துபோய்ச் சிரிக்கிற சிரிப்பு. அப்புறம் சத்தம் நின்றது. ஒரு பெண் குரல் பிரெஞ்சில் இரண்டு வார்த்தை சொன்னது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. முன்வரிசையில் மேடம் திரும்பிப் பார்ப்பது நிழலாகத் தெரிந்தது. ஏதோ கோளாறு, நான் சரிசெய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தாராம். என் கணக்குக்கு ஐம்பது விநாடி முடிந்தது. கையை எடுத்தேன். திரையில் மெழுகுவத்தி எரிந்தது.

அதற்குப் பிறகு டின்னில் விழுந்த சீட்டுகளைப் படித்தேன். அந்த மன்றத்தில் அவ்வளவு விதமான சீட்டுகளை ஒரே நாளில் நான் பார்த்ததில்லை. 'பிரெஞ்சுக்காரனுக்கு வேறு வேலையே இல்லையா?' என்று ஒன்று. 'இது படம் இல்லை, போலீஸில் சொல்ல வேண்டிய விஷயம்' என்று ஒன்று. 'பசி போய்விட்டது, இன்றைக்கு ஹாஸ்டலில் கோழி வேறு' என்று ஒரு புண்ணியவான். 'சூப் ஆறியதற்கா இத்தனை? அவன் சூடாக்கிக் குடிக்க மாட்டானா?' என்று ஒன்று. 'இப்படியெல்லாம் காட்டினால் செய்யாதவனும் செய்வான்' என்று ஒன்று, 'காட்டாவிட்டால் செய்கிறவன் நிறுத்தவா போகிறான்?' என்று அதற்குப் பதில்போலவே இன்னொன்று. 'எங்கள் ஊரில் இதைவிட ஜாஸ்தி' என்று ஒரு சீட்டு. அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஐந்தாறு சீட்டு எனக்கே வந்திருந்தது. மாமாவுக்கு நன்றி, நல்லவேளை மறைத்தீர்கள், பக்கத்தில் தங்கச்சி உட்கார்ந்திருந்தாள் என்றெல்லாம். அவற்றைப் படித்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். இத்தனை வருஷத்தில் எனக்காக யாரும் கைதட்டியது அதுதான் முதல் தடவை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேடம் மட்டும் தட்டவில்லை.

கைதட்டல் அடங்குவதற்குள் அடுத்த சீட்டைப் பிரித்தேன். நீல மையில், மடித்த இடம் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதியிருந்தது.

'எங்கள் வீட்டிலும் இப்படித்தான். கதவைச் சாத்திவிடுவார்கள். சத்தம் மட்டும் எனக்குக் கேட்கும். அம்மா வெளியே வந்து ஒன்றுமில்லை போ என்பாள். இன்றைக்காவது பார்த்துவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்களும் சாத்திவிட்டீர்கள்.'

மைக் என் வாய்க்கு முன்னால் இருக்கிறது. அரங்கமே என்னைப் பார்க்கிறது. எனக்கு முன்னால் முகமாகத் தெரிந்த அத்தனை பேரில் இதை எழுதியது யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், இதைப் படித்தால் இப்போது தட்டிய கைகள் என்ன நினைக்கும் என்பதுதான். தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது காலிச் சீட்டு" என்று சொல்லிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

எழுதிய பிள்ளை அங்கேதான் உட்கார்ந்திருந்தது. தான் எழுதியதை இன்னொருத்தன் காலி என்று மைக்கில் சொல்வதை அது கேட்டது. இந்த வேலையில் நான் எத்தனையோ சொதப்பியிருக்கிறேன். கவர்னர் வந்த விழாவில் தேசிய கீதத்துக்குப் பதில் சினிமாப் பாட்டைப் போட்டிருக்கிறேன். அதையெல்லாம் நினைத்தால் இன்றைக்குச் சிரிப்பு வருகிறது. இதற்கு வரவில்லை.

எல்லோரும் போனபிறகு மேடம் புரொஜெக்டர் மேசைக்கு வந்தார்.

"நீங்க முழுசா பாத்தீங்களா அண்ணே?"

"பாத்தேன் மேடம்."

"பாத்திருந்தா கைய வெச்சிருக்க மாட்டீங்க." கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். பிறகு என்னவென்று விளக்கினார். அடித்து முடித்ததும் அந்தப் பெண் எழுந்து நிற்கிறாள். முடியைச் சரிசெய்துகொண்டு நேராகக் கேமராவைப் பார்க்கிறாள். நம்மைத்தான். "பார்த்தீர்களா?" என்று கேட்கிறாள். கேட்டுவிட்டுப் பதிலுக்காகப் பத்து விநாடி சும்மா நிற்கிறாள். அந்தப் படமே அதற்காக எடுத்ததுதான். "அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதைக் கொண்டாந்தேன்" என்றார்.

சட்டைப் பையில் சீட்டு இருந்தது. அப்போதும் நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் அந்தச் சீட்டோடு தனியாக இருந்தேன். பக்கத்துப் போர்ஷன் பூட்டிக்கிடந்தது. வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் கவனித்ததில்லை. மனைவி இருந்தால் சீட்டை அவளிடம் காட்டியிருப்பேன், அவளும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பாள். கேட்க ஆள் இல்லாததும் ஒரு தண்டனைதான்.

திங்கட்கிழமை பிரின்சிபால் கூப்பிட்டனுப்பினார். யாரோ ஒரு பெற்றோர் போன் செய்து, பொம்பளையைப் போட்டு அடிக்கிற வெளிநாட்டுப் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறீர்களாமே என்று சண்டை போட்டிருந்தார். மேடம் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார், உட்காரச் சொல்லவில்லைபோல.

"வாங்க வாங்க" என்றார் பிரின்சிபால், என்னிடம் மட்டும் சந்தோஷமாக. "அந்த சீன் வந்தப்ப நீங்க கைய வெச்சு மறைச்சிட்டீங்களாமே? பசங்க சொன்னாங்க. நீங்கதான் காலேஜைக் காப்பாத்துனீங்க. அதை அப்படியே எழுதிக் குடுங்க. வன்முறைக் காட்சி எதுவும் காட்டலன்னு. மன்றம் நடக்கட்டும், ஒண்ணும் பிரச்சினை இல்ல. இனிமே எந்தப் படமா இருந்தாலும் நீங்க பாத்து, மறைக்க வேண்டியத மறைச்சிடணும். அதையும் எழுதுங்க."

மேடம் என்னைப் பார்த்தார். எழுதிக் கொடுத்தால் அவருடைய மன்றம் பிழைக்கும், அவர்மேல் நடவடிக்கை வராது. எழுதாமல் சீட்டை எடுத்து மேசையில் போட்டால் மன்றமும் போகும், அவர்மேல் நடவடிக்கையும் வரும். எனக்கு ரிடையர் ஆக இன்னும் ஒரு வருஷம் இருந்தது. எழுதிக் கொடுத்தேன். காட்சி காட்டப்படவில்லை என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். உண்மைதானே, காட்டவில்லையே.

வெளியே வந்து நடைபாதையில் மேடத்திடம் சொன்னேன். ஒரு சீட்டு வந்தது, காலி என்று பொய் சொன்னேன், அதில் இருந்தது இது என்று வாயால் சொன்னேன். அவர் சுவரோரமாக நின்றுவிட்டார்.

"குடுங்கண்ணே, பாக்கறேன்."

"வேணாம் மேடம். உங்களுக்குக் கையெழுத்து தெரிஞ்சிடும்."

நீட்டிய கையை அவர் மெதுவாக மடக்கிக்கொண்டார். "ஆமா, தெரிஞ்சிடும்" என்றார். "தெரிஞ்சா அப்புறம் கிளாஸ்ல அந்தப் புள்ளைய என்னால சாதாரணமா பாக்க முடியாது. அதுக்கும் அது புரியும்." பிறகு, "என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டார்.

"தெரியல மேடம். ஆனா நீங்க இதுல இருக்கக் கூடாது" என்றேன்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இந்த இடம்தான். யோசிக்க எனக்கு ஐந்து நாள் இருந்தது, ரயிலில் போகவர யோசித்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பிள்ளையைத் தேடிக் கண்டுபிடித்து மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் தேடினாலே அது அம்பலமாகிவிடும். சீட்டை மைக்கில் படிக்கலாம். ஒரு தரம் காலி என்று சொன்ன பிறகு, மறுபடி எடுத்து எல்லோர் முன்னாலும் படிக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? பேசாமல் விட்டுவிடலாம். பேசாமல் விட்டுப் பழகியவன்தான் நான், அது எனக்குச் சுலபம்.

அடுத்த சனிக்கிழமை மேடம் ஏதோ ஒரு சாதுவான படம் போட்டார். சீட்டெல்லாம் படித்து முடித்தபிறகு நான் மைக்கை வைக்கவில்லை.

"போன வாரம் ஒரு சீட்டைக் காலின்னு சொன்னேன். அது காலி இல்ல. நான் பொய் சொன்னேன். அதுல என்ன இருந்துச்சுன்னு சொல்லமாட்டேன், அது என்னுது இல்ல. போன வாரம் கை வெச்சது தப்பு. புதன்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்துல அந்தப் படத்த மறுபடி ஓட்டுவேன். கை வைக்கமாட்டேன். கதவு திறந்திருக்கும். நான் முன்னால உக்காந்துக்குவேன், திரும்பிப் பாக்கமாட்டேன். யார் வேணா வரலாம், யார் வேணா நடுவுல எழுந்து போலாம். இது மேடம் ஏற்பாடு இல்ல, என்னோடது."

ஒரு பையன் மட்டும், "இன்னா மாமா ஆச்சு உங்களுக்கு?" என்றான்.

பின்னால் நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். அதற்கு மெமோ வந்தது. எழுதிக் கொடுத்ததற்கு மாறாக நடந்துகொண்டேன் என்று அரங்கச் சாவியை வாங்கிக்கொண்டு என்னைப் பரீட்சைப் பிரிவில் ஜெராக்ஸ் மெஷினுக்கு மாற்றினார்கள். கடைசி வருஷம் அங்கேதான் கழிந்தது. மேடத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை. புதன்கிழமை மதியம் அவர் ஊரிலேயே இல்லை, புதுச்சேரிக்குப் போகும்படி நான்தான் சொல்லியிருந்தேன். மன்றம் நான்கு மாதம் நின்று, மறுபடி ஆரம்பித்தது. இப்போது அங்கே புரொஜெக்டரைக் கூரையில் மாட்டியிருக்கிறார்களாம்.

அந்தப் புதன்கிழமை காலையிலேயே அரங்கத்தைக் கூட்டி, நாற்காலிகளைத் தரையில் டைல்ஸ் கோட்டுக்கு நேராக வரிசையாகப் போட்டேன். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒன்றுகூட முன்னே பின்னே இல்லை. அது என் கிறுக்கு, எப்போதும் அப்படித்தான் போடுவேன். ஜன்னல் துணிகளை இறக்கினேன். கதவை மட்டும் திறந்து, சாத்திக்கொள்ளாமல் இருக்க அடியில் செங்கல் வைத்தேன். வெளியிலிருந்து வெயில் உள்ளே விழுந்து திரை வெளுத்துத்தான் தெரிந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். அந்தக் கதவை அன்றைக்கு என் கையால் சாத்த முடியாது.

ரிமோட்டை எடுத்துக்கொண்டு முன்வரிசையில் நடு நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த அரங்கத்தில் நான் பார்வையாளனாக உட்கார்ந்தது அன்றுதான். முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கூச்சமான காரியம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மின்விசிறிகள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. ஐந்து நிமிஷம் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. கேன்டீன் பக்கம் பிள்ளைகள் சத்தம் கேட்டது. இன்னும் ஐந்து நிமிஷம் போனது. பிறகு கதவருகில் செருப்புச் சத்தம். நின்றது. உள்ளே வந்தது. பின்னால் எங்கோ ஒரு நாற்காலி நகர்ந்தது. ஒரே ஒருத்தர். போதும் என்று நினைத்துப் படத்தை ஓட்டினேன்.

குழந்தை மேசைக்கு அடியில் போனது. அவன் அடிக்க ஆரம்பித்தான். இந்த முறை டப்பா கழுவ நான் போகவில்லை. வலது கை தானாக எழுந்தது, இடது கையால் அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு அடியும் எங்கே விழுகிறது என்று பார்த்தேன். கண்ணால் பார்த்தபிறகுதான் ஒன்று புரிந்தது. சத்தமாக மட்டும் கேட்டபோது அது முடிவே இல்லாத மாதிரி இருந்தது. பார்த்தால் அதற்கு ஓர் ஆரம்பமும் ஒரு முடிவும் இருக்கிறது. அடிக்கிறவன் மூச்சு வாங்க நிற்கிற ஒரு அற்பமான ஆள். அடிபட்டவள் எழுந்திருக்கிறாள்.

எழுந்தாள். முடியை ஒதுக்கினாள். உதட்டில் ரத்தம். வெயிலில் வெளுத்துப்போன திரையிலிருந்து நேராக என்னைப் பார்த்தாள். அடியில் மேடம் டைப் அடித்த ஒற்றை வார்த்தை. பார்த்தீர்களா?

எனக்குப் பக்கத்துப் போர்ஷன் காடாம்புலியூர்க்காரி முகம் அப்போது நினைவுக்கு வந்தது. வலது கன்னத்தில் ஒரு மச்சம், தண்ணீர்க் குடத்தோடு என் வாசலைத் தாண்டும்போது சின்னதாக ஒரு சிரிப்பு. அத்தனை நாளும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். அந்தப் பத்து விநாடியும் திரையில் இருந்தவள் நின்றுகொண்டே இருந்தாள். பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நான் திரும்பவில்லை.

மெழுகுவத்தி எரிந்தது, படம் முடிந்து பெயர்கள் ஓடின. பெயர்களோடு ஒரு பியானோ வரும். அதன் சத்தத்தை நன்றாகக் கூட்டி வைத்தேன், யார் எப்படி எழுந்து போகிறார்கள் என்று என் காதில் விழக் கூடாது என்பதற்காக. சத்தத்தைக் கூட்டி வைப்பதில் நான் கைதேர்ந்தவன் அல்லவா? பாட்டு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் இல்லை என்று நிச்சயமானபிறகுதான் எழுந்து திரும்பினேன்.

ஒரு நாற்காலியைத் தேடினேன். பின்வரிசைச் சுவரோரத்தில் ஒன்று கோட்டிலிருந்து நகர்ந்திருந்தது. அதற்கு முன்வரிசையில் ஒன்று. ஜன்னல் பக்கம் தள்ளித் தள்ளி ஆறு. நடுவில் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில், கால்கள் ஒன்றோடொன்று இடிக்கிற மாதிரி. கதவோரம் ஒன்று. ஒவ்வொன்றாக விரல் நீட்டி எண்ணினேன். பதினொன்று.

நான் வந்தது ஒருத்தருக்காக. படத்தின் சத்தத்திலும் மின்விசிறிச் சத்தத்திலும் மற்றவர்கள் எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள் என்று தெரியவே இல்லை. அவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல்தான் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நாற்காலிகள் கிடந்த கிடப்பிலேயே தெரிந்தது. 'எங்கள் ஊரில் இதைவிட ஜாஸ்தி' என்ற சீட்டுக்கு நான் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது. அப்படியே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

மூன்று மணிக்கு வேறு வகுப்புக்கு அரங்கத்தைத் தயார் செய்யவேண்டும். கறுப்புத் துணிகளைத் தூக்கினேன், செங்கல்லை எடுத்து ஓரமாக வைத்தேன், பிளக்கைப் பிடுங்கினேன். அந்தப் பதினோரு நாற்காலிகளை மட்டும் நேராக்காமல், கிடந்தபடியே விட்டுவிட்டு வந்தேன்.